இயந்திரம் திருத்தினால் யார் பதில் சொல்வது?

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தின் மேலே 'தொகு' என்று இருக்கும், அழுத்தினால் போதும். பெரும்பாலான பக்கங்களைப் பெயர் பதியாமலேயே திருத்திவிடலாம். என்ன படித்தீர்கள், எந்த ஊர், வயது என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. 2001 ஜனவரியில் தொடங்கிய நாள்முதல் அந்தத் தளம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் குணம் இது.

அதே திருத்தத்தை நீங்கள் எழுதிய நிரல் ஒன்று (தானியங்கி என்பார்கள்) தானாகச் செய்ய வேண்டுமென்றால் கதை வேறு. படிவம் உண்டு, குழு உண்டு, விசாரணை உண்டு, சோதனை ஓட்டம் உண்டு. சோதனை முடிந்ததும் மறுபடி விசாரணை உண்டு. எல்லாம் பொதுவில் நடக்கும். வழியில் போகிறவர்கூட உள்ளே வந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். மனிதர்களை இவ்வளவு நம்புகிற இடம் இயந்திரத்தைக் கண்டதும் தாசில்தார் அலுவலகமாக மாறிவிடுகிறதே என்று எரிச்சல்படும் நிரலாளர்கள் ஏராளம். அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நடைமுறை எப்படி உருவானது என்று பார்த்தால், இணையத்தில் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு விவேகம் அதற்குள் இருப்பது தெரியும்.

முதலில் அந்தப் படிவத்தைப் பார்த்துவிடுவோம். ஆங்கில விக்கிப்பீடியாவின் படிவத்தில் மிரளும்படி எதுவும் இல்லை. தானியங்கியை இயக்குபவர் யார்? அது முழுக்கத் தானாக ஓடுமா, அல்லது ஒவ்வொரு திருத்தத்தையும் மனிதர் பார்த்து 'சரி' சொன்ன பிறகே சேமிக்குமா? எந்த நிரல்மொழியில் எழுதியது? நிரலை வெளியே காட்டுவீர்களா? ஒருமுறை ஓடி முடிகிற வேலையா, தினமும் ஓடுவதா? உத்தேசமாக எத்தனை பக்கங்களைத் தொடும்? 'தானியங்கிகள் என் பக்கத்துக்கு வர வேண்டாம்' என்று ஒருவர் குறித்து வைத்திருந்தால் அதை மதிக்குமா? இவற்றுக்கு நடுவே சாதுவாக ஒரு வரி உட்கார்ந்திருக்கும்: இந்த வேலை தொடர்பாக முன்பு நடந்த உரையாடல்களுக்கு இணைப்புத் தரவும்.

நல்ல நிரலோடு வருகிறவர்கள் தடுமாறுவது இந்த வரியில்தான். நிரல் எழுதுகிறவருக்கு 'இது ஓடுமா' என்பதுதான் கேள்வி. பிழையில்லாமல் ஓடுகிறது, பத்தாயிரம் பக்கங்களை ஒரே நாளில் சீர்செய்யும், பிறகு என்ன? விசாரிக்கிற குழு வேறு இடத்தில் தொடங்குகிறது. இப்படிச் சீர்செய்ய வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? அந்தப் பத்தாயிரம் பக்கங்களை எழுதியவர்களுக்கு இது சம்மதமா? எங்கே பேசினீர்கள்?

ராம்பாட் வந்த அக்டோபர்

2002 அக்டோபரில் இப்படி எந்தக் கேள்வியும் இல்லை. விக்கிப்பீடியாவுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 50,000 கட்டுரைகள்தான் இருந்தன. அமெரிக்கத் தொகுப்பாளர் ஒருவர், அந்நாட்டின் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளை எடுத்து, ஊருக்கு ஒன்றாகக் கட்டுரை உருவாக்கும் நிரல் எழுதினார். அதன் பெயர் ராம்பாட். சில நாட்களில் 30,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து விழுந்தன. மக்கள்தொகை எவ்வளவு, பரப்பளவு எவ்வளவு, சராசரி வருமானம் என்ன என்று எல்லாக் கட்டுரைக்கும் ஒரே அச்சு. ஊர்ப்பெயரும் எண்களும் மட்டும் மாறும்.

பயன் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வெற்று அச்சின் மேல்தான் பின்னால் வந்த மனிதர்கள் தங்கள் ஊரின் வரலாற்றை எழுதினார்கள். ஆனால் அந்தச் சில நாட்களில் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்தவர்களுக்கு ராம்பாட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஏதாவது ஒரு கட்டுரைக்குப் போவோம் என்று 'சமவாய்ப்புப் பக்கம்' இணைப்பை அழுத்தினால், கேள்விப்பட்டே இராத ஓர் அமெரிக்கச் சிற்றூர் வந்து நின்றது. கலைக்களஞ்சியத்தின் முகமே ஒரே ஆள் எழுதிய நிரலால் மாறிவிட்டது. அந்த ஆளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் விவகாரம் சிக்கலானது. விஷமம் செய்கிறவரைத் தடுக்க வழிமுறைகள் இருந்தன. நல்லது செய்கிறேன் என்று மனிதச் சமூகத்தால் தொடர முடியாத வேகத்தில் வருகிறவரை என்ன செய்வது?

இன்றுள்ள தானியங்கிக் கொள்கையின் வேர் அங்கே இருக்கிறது. தீங்கு செய்யக் கூடாது, பயன் இருக்க வேண்டும், வழங்கியை மூச்சுத் திணற வைக்கக் கூடாது, ஒப்புதல் பெற வேண்டும். தானியங்கிக் கணக்குகளுக்குத் தனி அடையாளம் கொடுக்கும் வழக்கமும் வந்தது. அந்த அடையாளம் உள்ள கணக்கின் திருத்தங்கள் அண்மைய மாற்றங்களில் இயல்பாகக் காட்டப்படாது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்புதல் என்பது கௌரவப் பட்டம் அல்ல, பிறர் பார்வையிலிருந்து விலகி வேலை செய்ய அனுமதி. கண்காணிப்பைக் குறைத்துக்கொள்ளும் சலுகை. அதைக் கொடுக்குமுன் துருவித் துருவிக் கேட்பதில் ஆச்சரியம் என்ன?

ஐம்பது திருத்தங்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் மனுக்களைப் பார்ப்பது தானியங்கி ஒப்புதல் குழு. சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்; ஒரு சமயத்தில் சுறுசுறுப்பாக இயங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிரலும் தெரிந்திருக்க வேண்டும், சக தொகுப்பாளர்களின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் அரிது. குழு 'சரி' என்றதும், 'அதிகாரி' எனப்படும் மேல்நிலைப் பயனர் ஒருவர் அந்தக் கணக்குக்குத் தானியங்கி அடையாளத்தை வழங்குவார்.

நடுவில் சோதனை ஓட்டம். ஐம்பது திருத்தங்கள் அல்லது ஏழு நாட்கள் என்பது பழகிப்போன அளவு. அந்த ஐம்பதையும் ஒவ்வொன்றாக, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று இரண்டு பத்திகளாக வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு மாதிரிக்கு, தேதிகளைச் சீராக்கும் தானியங்கி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்களால் எழுதிய தேதியை மாதப் பெயரோடு எழுதுவதுதான் வேலை. 25/12/1998 என்று இருந்ததை 25 டிசம்பர் 1998 ஆக்கியிருக்கிறது. பிழையில்லை. 17/06/2003, அதுவும் சரி. வரிசையாக எல்லாம் சரியாக இருக்கும்போது ஓரிடத்தில் 03/04/2005. இந்தியாவிலும் பிரிட்டனிலும் அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. தானியங்கி ஏப்ரல் 3 என்று எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரையோ அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பற்றியது. நிரல் செயலிழக்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை. வாசகருக்கும் சந்தேகம் வராது. குழப்பமாக இருந்த ஒரு தேதியை எடுத்துவிட்டுத் தெளிவான தவறு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. குழப்பத்தையாவது யாராவது கவனித்திருப்பார்கள்.

ஐம்பதில் ஒன்று சின்ன விஷயமாகத் தோன்றும். தானியங்கி தொடப்போவது 40,000 பக்கங்கள் என்றால் அந்த விகிதத்தில் 800 தவறான தேதிகள். அவற்றைக் கண்டுபிடிப்பது யார்? இந்த இடத்தில் மனு போட்டவர் என்ன சொல்கிறார் என்பதைக் குழு உன்னிப்பாகப் பார்க்கும். 'முதல் இரண்டு எண்களும் 12-ஐத் தாண்டாமல் இருந்தால் தொடாமல் விட்டுவிடச் செய்கிறேன், தவறானதைத் திருத்திவிட்டேன், மறுபடி சோதனைக்கு அனுமதி கொடுங்கள்' என்று ஒருவர் வந்தால், அவருக்கு ஒப்புதல் பெரும்பாலும் கிடைத்துவிடும். '98 சதவீதம் சரிதானே' என்று வாதாடினால் கிடைக்காது. நிரலின் தரம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

என் கணிப்பில் சோதனை ஓட்டம் நிரலைவிட ஆளைத்தான் அதிகம் சோதிக்கிறது. தானியங்கி செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை இயக்குபவரே பொறுப்பு என்று கொள்கை சொல்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதுவும் சீக்கிரம், முகம் சுளிக்காமல். பல தானியங்கிகளின் பயனர் பக்கத்தில் பெரிதாக ஒரு நிறுத்து பொத்தான் இருக்கும். சில, தங்கள் பேச்சுப் பக்கத்தில் யாராவது ஒரு வரி எழுதினாலே வேலையை நிறுத்திவிடும்படி அமைந்தவை. எதுவும் பலிக்காவிட்டால் நிர்வாகி ஒருவர் கணக்கைத் தடை செய்வார். மனிதரைத் தடை செய்தால் சண்டை வரும். தானியங்கியைத் தடை செய்தால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத மரபு.

வேகத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அவசரமில்லாத வேலை என்றால் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒரு திருத்தம், அவசரமானால் ஐந்து நொடிக்கு ஒன்று. தரவுத்தளத்தின் நகல்கள் பின்தங்கினால் வழங்கி 'பொறு' என்று சொல்லும். ஒழுங்கான தானியங்கி அதைக் கேட்டுக் காத்திருக்கும்.

எழுத்துப்பிழை திருத்த வராதீர்கள்

புதிதாக நிரல் கற்றவருக்கு முதலில் தோன்றும் யோசனை எழுத்துப்பிழைத் தானியங்கிதான். பிழையான சொற்களின் பட்டியலும் சரியான சொற்களின் பட்டியலும் கையில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கலாம். மனிதர் பார்க்காமல் தானாக எழுத்துப்பிழை திருத்தும் தானியங்கிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கையே சொல்லிவிடுகிறது. காரணம், பிழை எது என்பது சூழலைப் பொறுத்தது. பழைய கடிதம் ஒன்றை உள்ளது உள்ளபடி மேற்கோள் காட்டியிருப்பார்கள். பிழையான எழுத்தையே பெயராக வைத்துக்கொண்ட இசைக்குழு இருக்கும். பிரிட்டிஷ் எழுத்துமுறை அமெரிக்கருக்குப் பிழை, அமெரிக்க எழுத்துமுறை பிரிட்டிஷாருக்குப் பிழை.

தமிழில் யோசித்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். தமிழ்நாட்டில் 'கணினி' என்று எழுதுவதை இலங்கையில் பலர் 'கணனி' என்பார்கள். நம் பாடநூல் 'ஆக்சிஜன்' என்றால் இலங்கைப் பாடநூல் 'ஒட்சிசன்' என்னும். சென்னையில் உட்கார்ந்து ஒருவர் பட்டியல் தயாரித்து ஓடவிட்டால், ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வழக்கு முழுவதும் 'பிழை' ஆகிவிடும். நூல்களின் தலைப்பும் நிறுவனங்களின் பெயரும் கூடவே மாறும். காலையில் எழுந்து பார்க்கும் இலங்கைத் தொகுப்பாளர் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்றா எடுத்துக்கொள்வார்? இரண்டு நாட்டு வழக்குக்கும் இடம் கொடுத்து வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியா, 2003-லிருந்து பேசிப் பேசி எட்டிய சமரசங்கள் பல. அவை எந்த நிரலுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'முன்பு நடந்த உரையாடலுக்கு இணைப்புத் தருக' என்ற வரி அதற்காகத்தான்.

இன்னொரு வகை மனுவும் வழக்கமாகத் தள்ளுபடியாகும். வாசகர் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களை மட்டும் செய்வது: தேவையற்ற இடைவெளியை நீக்குவது, வார்ப்புருவின் பெயரில் சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது போன்றவை. செய்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு சேமிப்பும் பக்கத்தின் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கும் ஒரு பதிப்பு. அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு வரி. ஐந்நூறு வெற்று வரிகளுக்கு நடுவே ஒரு விஷமத் தொகுப்பு நுழைந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். இயந்திரத்தின் நேரம் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள், அதைச் சரிபார்க்கும் மனிதரின் கவனத்துக்கு விலை போட மறந்துவிடுகிறார்கள்.

ஒப்புதலுக்குப் பிறகு

குழு சரியென்றால் எல்லாம் முடிந்ததா? ஹேகர்மேன்பாட் கதையைக் கேளுங்கள். பேச்சுப் பக்கத்தில் கருத்து எழுதுகிறவர்கள் கடைசியில் கையொப்பக் குறியிட வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் வழக்கம். பலர் மறந்துவிடுவார்கள். 2006 கடைசியில் வந்த இந்தத் தானியங்கி, கையொப்பம் இல்லாத கருத்துகளைக் கண்டுபிடித்து, எழுதியவர் பெயரையும் நேரத்தையும் தானே சேர்த்தது. விதி ஏற்கெனவே இருப்பதுதான், எதிர்ப்பு வர என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒப்புதல் சிக்கலின்றிக் கிடைத்தது.

ஓடத் தொடங்கியதும் புகார்கள் வந்தன. சிலர் வேண்டுமென்றே கையொப்பம் இடாமல் இருந்திருக்கிறார்கள். எழுதிச் சேமித்த மறுநொடியில் ஓர் இயந்திரம் வந்து எல்லோர் முன்னாலும் 'இவர் கையொப்பமிட மறந்துவிட்டார்' என்று குறிப்பெழுதுவது சிலருக்கு அவமானமாகப் பட்டது. ஆய்வாளர் ஸ்டுவர்ட் கைகர் 2011-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சர்ச்சையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனிதர்களிடையே ஒரு விதி இருக்கும்போது அதைக் கண்டும் காணாமலும் விட இடம் இருக்கும். இயந்திரம் கையில் எடுத்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. சர்ச்சையின் முடிவில் தானியங்கியைத் தூக்கியெறியவும் இல்லை, புகார் சொன்னவர்களை வாயடைக்கவும் இல்லை. வேண்டாம் என்பவர் தன் பக்கத்தில் ஒரு வார்ப்புருவை இட்டுவைத்தால் தானியங்கிகள் ஒதுங்கிப் போகும் என்ற ஏற்பாடு பிறந்தது. இன்று படிவத்தில் இருக்கும் 'மதிக்குமா' என்ற கேள்வி இந்தச் சண்டையின் மிச்சம்.

குழுவே சறுக்கியதும் உண்டு. 2009-ல் எனிபாட் என்ற தானியங்கி, பாசிகள் பற்றிய இணையத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து தகவல் எடுத்துக் கட்டுரைகள் உருவாக்கியது. ஒப்புதல் பெற்றுத்தான் ஓடியது. தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறது என்பது துறை தெரிந்தவர்கள் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏறத்தாழ 4,000 கட்டுரைகள். ஒவ்வொன்றாகத் திருத்த ஆளில்லை. விவாதித்து, மொத்தமாக நீக்கினார்கள். சோதனை ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நிரல் தெரிந்திருந்தது, பாசி தெரிந்திருக்கவில்லை. பெருவாரியாகக் கட்டுரை உருவாக்கும் எந்த வேலைக்கும் முன் ஒப்புதல் கட்டாயம் என்று விதி இன்று தனியாகச் சொல்கிறது. துறை தெரிந்த ஒருவர் ஐம்பதையும் படித்துப் பார்த்தாரா என்பதையும் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்க்கலாம். இன்றுவரை அப்படி ஒரு வரி இல்லாதது குறைதான்.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2007 மார்ச்சில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம், காப்புரிமை உள்ள படங்களை எந்த நிலையில் வைத்துக்கொள்ளலாம் என்று கறாரான தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. பீட்டாகமாண்ட்பாட் என்ற தானியங்கி, உரிய விளக்கம் இல்லாத படங்களைத் தேடித் தேடி நீக்கல் அறிவிப்பு ஒட்டியது. விதி சரி, நிரலும் பெரும்பாலும் சரி. ஆனால் வெள்ளமாக வந்த அறிவிப்புகளுக்கு அதே வேகத்தில் பதில் சொல்ல எந்த மனிதராலும் முடியவில்லை. அதை இயக்கியவர் விளக்கம் சொன்ன விதம் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. விவகாரம் தளத்தின் நடுவர் குழுவரை போனது, அதுவும் ஒருமுறையோடு முடியவில்லை.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் க்ளூபாட் என்ஜி ஏன் இவ்வளவு காலம் மரியாதையோடு ஓடுகிறது என்பது புரியும். 2010 கடைசியிலிருந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் விஷமத் தொகுப்புகளை அழித்துவரும் தானியங்கி இது. நரம்பியல் வலைப்பின்னலைப் பயன்படுத்தி, மனிதர்கள் தரம்பிரித்துக் கொடுத்த திருத்தங்களிலிருந்து கற்றுக்கொண்டது. நாள் முழுவதும் வரும் வசைகளையும் குப்பைகளையும் பெரும்பாலும் சில நொடிகளில் துடைத்துவிடும். அதை எழுதியவர்கள் செய்த முக்கியமான வேலை, எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்காமல், எவ்வளவு தவறலாம் என்று முதலில் முடிவு செய்ததுதான். நல்ல திருத்தத்தை விஷமம் என்று தவறாக எண்ணும் விகிதம் ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பில் மொத்த விஷமத்தில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் பிடிபடும் என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். வரம்பைத் தளர்த்தினால் இன்னும் பிடிக்கலாம். வேண்டாம் என்றார்கள். மீதியை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். தவறாக நீக்கப்பட்டவர் புகார் செய்ய ஒவ்வொரு திருத்தத்தின் குறிப்பிலும் இணைப்பு இருக்கும். புதிதாக வந்த ஒரு பள்ளிச் சிறுமியின் முதல் திருத்தத்தை இயந்திரம் குப்பை என்று தூக்கியெறிந்தால் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்ற கணக்கு இதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆள் குறைந்த ஊர்கள்

இத்தனை விசாரணையும் ஆயிரக்கணக்கானோர் திரியும் ஆங்கிலத்தில் சாத்தியம். பத்துப் பேர் எழுதும் மொழியில்? அங்கே ஒப்புதல் குழு என்று தனியாக எதுவும் இருக்காது. பொதுப் பக்கத்தில் அறிவித்து, சில நாள் காத்திருந்து, யாரும் மறுக்காவிட்டால் உள்ளூர் அதிகாரியோ, அனைத்து விக்கிகளுக்கும் பொதுவான மேற்பார்வையாளரோ அடையாளத்தைக் கொடுத்துவிடுவார். யாரும் மறுக்கவில்லை என்பதற்கும் யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் அங்கே வேறுபாடு குறைவு.

இதன் உச்சம் எல்எஸ்ஜேபாட். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வெர்கர் யோஹான்சன் இயக்கியது. உயிரினங்கள், ஊர்கள், ஆறுகள், மலைகள் என்று தரவுத்தளங்களிலிருந்து கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியது. ஸ்வீடிஷ் விக்கிப்பீடியா 2013-ல் 10 லட்சத்தைத் தொட்டது அதனால்தான். பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழியில் 60 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள், பெரும்பாலும் அதே தானியங்கி எழுதியவை. எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் பல ஆண்டுகள் செபுவானோ நின்றது. அங்கே தொடர்ந்து எழுதும் மனிதர்கள் மிகச் சிலர். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் மலைக்குன்றின் உயரம் அதில் கிடைக்கும், செபு தீவின் அன்றாட வாழ்க்கை அதே அளவு கிடைக்காது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்ற யோஹான்சன் தரப்பு வாதத்தை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் பிழை பார்க்க ஆளில்லாத இடத்தில் 60 லட்சம் பக்கங்கள் யாருக்குச் சொத்து, யாருக்குச் சுமை?

தமிழ் விக்கிப்பீடியா நடுவழியில் போனது. தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே கட்டுரைகள் உண்டு. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் தமிழ்க் கணிமை ஆர்வலரின் தானியங்கி உருவாக்கியவை இவை. எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எவ்வளவு, எத்தனை குடிநீர் இணைப்பு, எத்தனை கைக்குழாய் என்று அரசுத் தரவுகளை அடுக்கியவை. ராம்பாட்டின் தம்பி என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு, படிக்கிறவருக்கு அது தன் ஊர். பிழையிருந்தால் கண்ணில் படும், திருத்த மொழியும் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுப் பேச்சுப் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். இத்தகைய வேலைகளைப் பேசித் தீர்க்க அங்கே உட்காரும் பழக்கம் இருப்பது நல்ல விஷயம்.

மொழிக்கு மொழி ஒப்பிட்டு, தானியங்கிகள் தங்களுக்குள் சண்டையிடுகின்றன என்று சொன்ன ஓர் ஆய்வு 2017-ல் பரபரப்பாகப் பேசப்பட்டது. 'ப்ளோஸ் ஒன்' இதழில் வந்தது. 2001 முதல் 2010 வரை 13 மொழி விக்கிப்பீடியாக்களைப் பார்த்ததில், ஆங்கிலத்தில் ஒரு தானியங்கி சராசரியாக 105 முறையும், போர்த்துகீசியத்தில் 185 முறையும் இன்னொன்றின் திருத்தத்தை மாற்றியிருக்கிறது. ஜெர்மனில் 24 முறைதான். பத்திரிகைகள் இயந்திரப் போர் என்று கொண்டாடின. அதே ஆண்டு கைகரும் இன்னோர் ஆய்வாளரான ஆரன் ஹால்ஃபேக்கரும் தரவைத் திரும்ப ஆராய்ந்து, பெரும்பாலானவை சண்டையே அல்ல என்று காட்டினார்கள். ஒரு பக்கத்தின் பெயரை மனிதர் மாற்றியிருப்பார், அதற்கேற்ப வழிமாற்றைத் தானியங்கி புதுப்பித்திருக்கும். அவ்வளவுதான். மொழிகளுக்கிடையிலான இணைப்புகளைப் பராமரித்துக்கொண்டிருந்த தானியங்கிகளின் வேலையும் 2013-ல் விக்கித்தரவு என்ற சகோதரத் தளம் அந்த இணைப்புகளைத் தன் பொறுப்பில் எடுத்ததும் பெரும்பாலும் இல்லாமல் போனது.

வாசிக்க வருகிறவை, எழுத வருகிறவை

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. குழுவில் ஆள் பற்றாக்குறை. எளிய மனுவுக்குச் சில நாட்களில் பதில் கிடைக்கும். கொஞ்சம் சிக்கலானது என்றால் வாரக்கணக்கில் எவரும் தொடாமல் கிடக்கும். ஆர்வத்தோடு வந்த மாணவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவார். பழைய தானியங்கி இயக்குநர்களுக்குக் கதவு சுலபமாகத் திறக்கிறது, புதியவருக்கு இறுகிவிடுகிறது என்ற முணுமுணுப்பும் உண்டு. நம்பிக்கை என்பது பழகித்தானே வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் பதில். அரைப் பதில்.

இதற்கிடையே ஒரு வேடிக்கை. ஒரு காற்புள்ளியைத் திருத்த வரும் இயந்திரம் மனுப் போட்டுக் காத்திருக்கிறது. மொத்தத் தளத்தையும் வாரிக்கொண்டு போக வரும் இயந்திரங்கள் யாரையும் கேட்பதில்லை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தரவு திரட்டும் நிரல்களால், 2024 ஜனவரியிலிருந்து படங்கள், காணொளிகளைத் தரவிறக்கும் பட்டையகலப் பயன்பாடு 50 சதவீதம் கூடியது என்றும், வழங்கிகளுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் இத்தகைய நிரல்களிடமிருந்து வருகிறது என்றும் விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் தெரிவித்தது.

அந்த நிறுவனமே கேள்விக்குத் தப்பவில்லை. 2025 ஜூனில், கட்டுரைகளின் மேல் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டும் சோதனை ஒன்றை அறிவித்தது. தொகுப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்களிடம் எங்கே பேசினீர்கள் என்பதே பலரின் கோபம். சோதனை நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், மொழி மாதிரியைக் கொண்டு எழுதி, மனிதர் படித்துப் பார்க்காமலேயே ஒட்டப்பட்ட பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா விதி செய்தது. இல்லாத நூலை மேற்கோள் காட்டியிருப்பது, 'நீங்கள் கேட்டபடி கட்டுரை இதோ' என்ற உரையாடல் வரியே உள்ளே கிடப்பது போன்றவை அடையாளம். தொழில்நுட்பம் தலைகீழாக மாறிவிட்டது, சமூகம் கேட்கும் கேள்வி 2002-லிருந்து அதேதான். இப்போது ஒரு சிக்கல் கூடியிருக்கிறது. தானியங்கிக் கணக்கே இல்லாமல், சாதாரண மனிதக் கணக்கிலிருந்து இயந்திரத்தின் எழுத்து வருகிறது. படிவத்தை யாரிடம் நீட்டுவது?

ஒப்புதல் பெற்றவர்களுக்கும் அது ஆயுள் சாசனம் அல்ல. ஒரு வேலைக்கு வாங்கிய அனுமதி அந்த வேலைக்கு மட்டும்தான். இன்னொன்றைச் சேர்க்க இன்னொரு மனு. இறந்துபோன இணைப்புகளைத் தேடி இணைய ஆவணக் காப்பகத்தின் பிரதியோடு இணைக்கும் இன்டர்நெட்ஆர்க்கைவ்பாட், 2018 அக்டோபர் வாக்கில் விக்கிப்பீடியாக்களில் 90 லட்சம் இணைப்புகளை மீட்டிருந்ததாக அறிவிக்கப்பட்டது. அத்தனை பெயர் வாங்கியதும்கூட ஒரு மொழியில் கிடைத்த ஒப்புதலைக் காட்டி அடுத்த மொழிக்குள் நுழைந்துவிட முடியாது. தானியங்கியும் அதை இயக்குபவரும் இரண்டு ஆண்டுகள் அசைவில்லாமல் இருந்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அடையாளம் திரும்பப் பெறப்படும். நிரல் எங்கோ நன்றாக ஓடக்கூடிய நிலையில் இருக்கலாம். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அனுமதியும் இல்லை. ஹேகர்மேன்பாட் ஓய்ந்தபோதும் அதன் அனுமதி யாருக்கும் தானாகக் கைமாறவில்லை. கையொப்பமிடும் வேலையை 2007-ல் இன்னொருவரின் சைன்பாட் எடுத்துக்கொண்டது. வேலை பழையது, எல்லோருக்கும் பழகியது. என்றாலும் அதற்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.